சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கான சோதனை

பெனடிக்ட் கரைசல் பளிச்சென்ற நீல நிறம். சோதனைக் குழாயில் 5 மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் ஒரு பிளஸ், மஞ்சளுக்கு இரண்டு, ஆரஞ்சுக்கு மூன்று, செங்கல் நிறத்துக்கு நான்கு. குழாயின் வாயை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது, பொங்கித் தெறித்துவிடும். 1980களில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து அரசு வேலைக்கு வந்தபோது, மாசமாக இருக்கிற பெண்ணுக்குச் ‘சுகர் பார்ப்பது’ என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் இதுதான். அல்புமினுக்கு ஒரு குழாய், சர்க்கரைக்கு ஒரு குழாய். காலை ஓ.பி. முடிவதற்குள் ஸ்டாண்டு முழுக்க நீலமும் பச்சையுமாக நிற்கும்.

இந்தச் சோதனை கர்ப்பிணிகள் விஷயத்தில் இரண்டு பக்கமும் பொய் சொல்லும் என்று வாத்தியார்கள் பாடத்திலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் சர்க்கரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வரம்பு இறங்கிவிடுகிறது. ரத்தத்தில் ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கும் குழாய் பச்சையாகும். மாதம் நெருங்க நெருங்க மார்பில் பால் ஊறத் தொடங்கி, லாக்டோஸ் சிறுநீரில் வரும். பெனடிக்ட் கரைசலுக்குக் குளுக்கோஸ் எது, லாக்டோஸ் எது என்று தெரியாது. மறுபக்கம், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் 150, 160 என்று நிற்கிற பெண்ணுக்குச் சிறுநீரில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். வயிற்றுக் குழந்தைக்கு அந்த அளவே போதும், எடை ஏறத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் எங்கள் காலத்துக் கண்டுபிடிப்பும் இல்லை. பாரிசில் இப்போலித் ப்ளோ என்ற மருத்துவர் 1856இலேயே கர்ப்பிணிகளின் சிறுநீரிலும் பால் கொடுக்கும் தாய்மார்களின் சிறுநீரிலும் சர்க்கரை வருவதைப் பார்த்து, இது இயல்புதான் என்று எழுதினார். அந்தச் சர்க்கரை லாக்டோஸ் என்று 1877இல் ஹோஃப்மைஸ்டர் பிரித்துக் காட்டினார். அதற்கு நூறு வருடத்துக்குப் பிறகும் நாங்கள் ஸ்பிரிட் விளக்கை அணைக்கவில்லை. ரத்தம் எடுக்க ஊசி, ஃபுளோரைடு போட்ட பாட்டில், கலரிமீட்டர், ஆள் எல்லாம் வேண்டும். சிறுநீருக்கு ஒரு பழைய மருந்துப் பாட்டில் போதும். கர்ப்பகாலச் சர்க்கரையின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். லேப்பில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது சோதனையின் வரலாறு. எந்தச் சோதனையை எந்தப் பெண்ணால் செய்துகொள்ள முடிந்தது என்பதுதான் அதில் முக்கியம்.

பதிவான முதல் கதை பெர்லினில் இருக்கிறது. 1824இல் ஹைன்ரிஷ் பென்னெவிட்ஸ் என்ற மாணவர் மருத்துவப் பட்டத்துக்காக லத்தீனில் ஓர் ஆய்வேடு கொடுத்தார். 22 வயதுப் பெண், ஐந்தாவது கர்ப்பம். அடங்காத தாகம், சிறுநீரில் சர்க்கரை. பிறந்த குழந்தை 12 பவுண்டு, நம் கணக்கில் ஐந்தரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உயிரில்லை. பிரசவத்துக்குப் பிறகு தாயின் சிறுநீரில் இருந்த சர்க்கரை மறைந்துபோனது. சர்க்கரை நோய் இவளுக்குக் கர்ப்பத்தின் ஒரு அறிகுறியாகவே வந்தது என்று பென்னெவிட்ஸ் முடிவு கட்டினார். கர்ப்பத்தோடு வந்து கர்ப்பத்தோடு போகிறது, குழந்தை பெரிதாகிறது, குழந்தைக்கு ஆபத்து என்ற மூன்றுமே அந்த ஒரு பெண்ணிடம் இருந்தன. 1882இல் லண்டனில் மேத்யூஸ் டங்கன் இப்படிப்பட்ட 22 கர்ப்பங்களைத் தொகுத்துப் படித்தார். தாய்க்கும் சேய்க்குமாக அதில் சாவுகள் அதிகம்.

இன்சுலின் 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. அதன் பிறகு தாய்மார்கள் பிழைத்தார்கள், பிள்ளைகள் பிழைக்கவில்லை. பாஸ்டனில் ஜாஸ்லின் என்ற சர்க்கரை மருத்துவரிடம் 1924இல் வேலைக்குச் சேர்ந்த பிரிசில்லா வைட் என்ற மருத்துவர் ஆயுள் முழுக்க இதற்காக உழைத்தார். அவர் சேர்ந்தபோது, சர்க்கரையுள்ள தாய்மார்களின் குழந்தைகளில் 54 சதவீதம் தேறின. 1974இல் ஓய்வு பெற்றபோது 90 சதவீதத்துக்கு மேல். கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் 1950களில் காரணத்தைச் சொன்னார். தாயின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. வந்து குவிகிற சர்க்கரைக்குக் குழந்தையின் கணையமே இன்சுலினைச் சுரக்கும். அந்த இன்சுலின் குழந்தையைக் கொழுக்கவைக்கும். தொப்புள் கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், இன்சுலின் உடனே நிற்காது. அதனால்தான் நாலு கிலோவுக்குப் பிறந்து, எல்லோரும் கண்ணுபட்டுவிடும் என்று மைபொட்டு வைக்கிற குழந்தை, இரண்டு மணி நேரத்தில் சோர்ந்து நடுங்குகிறது. குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 30, 35 என்று கிடக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வது எல்லாக் குழந்தைக்கும் பொது. இந்தக் குழந்தைகளுக்கு அது அவசரம்.

இவை முன்பே சர்க்கரை இருந்த தாய்மார்களின் கதை. தான் நோயாளி என்றே தெரியாத, தாகமோ சோர்வோ எதுவும் இல்லாத பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குக் கணக்கு போட்டவர்கள் ஜான் ஓ’சல்லிவனும் கிளேர் மேகன் என்ற புள்ளியியலாளரும். 1964இல் வெளியான அவர்களுடைய ஆய்வு லேப்காரர்கள் எல்லோரும் படித்திருக்க வேண்டியது. பாஸ்டனில் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, வெறும் வயிற்றில் ஒரு முறை, பிறகு மணிக்கொரு முறை மூன்று என்று ரத்தம் எடுத்தார்கள். 90, 165, 145, 125 என்று நான்கு எல்லைகள் வந்தன. இதில் இரண்டைத் தாண்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. அந்த எல்லைகள் குழந்தைக்கு என்ன ஆகும் என்று பார்த்து வைக்கப்பட்டவை இல்லை. பின்னாளில் தாய்க்குச் சர்க்கரை நோய் வருமா என்று ஆயிரம் பெண்களை எட்டு வருடம் வரை தொடர்ந்து பார்த்து உறுதி செய்தவை. உலகம் பிறகு முழு ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவுக்கு மாறியதும் அதே எண்களைப் பெருக்கிக் கழித்து, வெறும் வயிற்று 90ஐ 105 என்றார்கள், 95 என்றார்கள். எண்கள் மாறின. நான்கு முறை குத்துவது மட்டும் மாறவில்லை.

சென்னையில் ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் இருந்தபோது, சந்தேகத்துக்கு இடமான பெண்களுக்கு மட்டும் ஜி.டி.டி. என்கிற இந்தக் குளுக்கோஸ் சோதனையை எழுதுவார்கள். முந்தைய குழந்தை நாலு கிலோ, காரணம் தெரியாமல் வயிற்றிலேயே இறந்த குழந்தை, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை, இப்படி ஏதாவது இருக்க வேண்டும். அப்போது ரத்தச் சர்க்கரைக்கு ஆர்த்தோ டொலுடின் முறை. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் கலந்து கொதிநீரில் வைத்தால் பச்சை கலந்த நீலம் வரும். அதை கலரிமீட்டரில் படிக்க வேண்டும். அந்த நெடி தலைமுடியில் ஏறி, வீட்டுக்குப் போன பிறகும் இறங்காது. புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் என்று பிறகு கைவிட்டார்கள். நொதி முறை வந்து, நிறம் இளஞ்சிவப்பானது, எங்கள் மூக்கும் பிழைத்தது.

ஜி.டி.டி. எழுதினால் மறுநாள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். பொன்னேரியிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் முதல் ரயில் பிடித்து வருகிற பெண், எட்டு மாத வயிற்றோடு, முந்தைய ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. கூட வந்த மாமியாருக்கு அது பொறுக்காது. ஸ்டேஷன் வாசலில் ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவார். லேப் ஜன்னலில் கேட்டால், “டீதானே அக்கா குடிச்சேன்” என்று பதில் வரும். திருப்பி அனுப்புவோம். திருப்பி அனுப்பியவர்களில் எத்தனையோ பேரை மறுபடி பார்த்ததே இல்லை. ஒரு நாள் கூலி போகும், பெரிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது, புருஷன் வர மாட்டான். வாசற்படியிலேயே முக்கால்வாசிப் பேரைக் கழித்துவிடுகிற சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன?

சென்னைக்குச் சர்க்கரை மருத்துவத்தில் நீண்ட வேர் உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லியில் சர்க்கரைக்கென்று தனி கிளினிக் தொடங்கினார், 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே வந்தது. கர்ப்பிணிகள் பக்கம் திரும்பியவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் வி. சேஷய்யா. 1992இல் லண்டன் ஆய்வு ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்துப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு வெள்ளைக்காரப் பெண்களைவிடப் பதினோரு மடங்கு என்று சொன்னது. அப்படியானால் சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் பார்ப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை, எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எல்லோருக்கும் என்றால், சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கும்தான். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் சொன்ன வழி இதுதான்: கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்காதே. வந்த உடனே 75 கிராம் குளுக்கோஸ் கொடு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடு. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை.

2000களின் தொடக்கத்தில் நாட்டின் பல நகரங்களில் பார்த்தபோது கர்ப்பகாலச் சர்க்கரை 16.55 சதவீதம் என்று வந்தது. 1982இல் வெளியான ஒரு கணக்கில் அது 2 சதவீதம். இடையில் அளவுகோலும் மாறியது, ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்து எட்டு மடங்கு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஒரே முறை, ஒரே காலம். நகரத்தில் 17.8, நகரை ஒட்டிய ஊர்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம். கிராமத்திலேயே பத்தில் ஒருத்தி. 2007இல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று ஆணை போட்டது. நாட்டிலேயே முதல் மாநிலம் நாம்தான். 2014இல் மத்திய அரசின் வழிகாட்டி நெறிகளும் இதே முறையை எடுத்துக்கொண்டன. சேஷய்யாவுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பிறந்த மார்ச் 10தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

ஆணை வந்தபோது நான் விழுப்புரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக். காலை ஒன்பது மணிக்குள் வேப்பமரத்தடி பெஞ்சு நிறைந்துவிடும். குளுக்கோஸ் பவுடரைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி வைப்போம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸுக்கு. மானோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம் நிறுக்க வேண்டும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் படிக்காவிட்டால் எல்லோருக்கும் ஏழரைக் கிராம் பவுடர் குறைந்துபோகும். 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். மசக்கை இருப்பவளுக்கு அது தொண்டையில் இறங்காது. அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை வீண், மறுநாள் வர வேண்டும். குடித்த நேரத்தைச் சீட்டில் எழுதி, கையிலும் பேனாவால் எழுதிவிடுவேன். சீட்டைத் தொலைப்பார்கள், கையைத் தொலைக்க மாட்டார்கள்.

முதல் மாதங்களில் ஒரு பாட்டி பேத்தியின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஏம்மா, நீயே சொல்லு. வாயும் வயிறுமா இருக்கறவளுக்குச் சொம்புத் தண்ணியில சக்கரையைக் கொட்டிக் குடுத்தா, இல்லாத சக்கரையும் வந்துடாதா?”

“வராது ஆயா. ஒடம்பு நல்லா இருந்தா ரெண்டு மணி நேரத்துல அதுவே எறக்கிடும். எறக்க முடியுதான்னு பாக்கத்தான் குடுக்கறோம்.”

“எறக்கலேன்னா?”

“அப்போ சோத்தைக் கொறைக்கச் சொல்வோம்.”

“அதைச் சொல்ல சக்கரைத் தண்ணி எதுக்கு?” என்றார் பாட்டி. ஆனாலும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சோற்றைக் குறைப்பது அப்படிச் சுலபமாகவும் இல்லை. மாசமான பெண் இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்பது நம் வீடுகளின் சட்டம். தலைமுறை தலைமுறையாகப் பட்டினி பார்த்த ஊரில் அந்தச் சட்டத்துக்கு நியாயமும் இருந்தது. வளைகாப்புக்குப் புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்தோ ஏழோ சாதம் வைப்போம். சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அப்பளம். ஏழாம் மாதத்தில்தான் வளைகாப்பு, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக உச்சத்துக்கு ஏறுவதும் அந்த வாக்கில்தான். 24 முதல் 28 வாரத்துக்குள் இரண்டாவது முறை சோதனை செய்யச் சொல்வது இதனால்தான். சோதனையில் 140ஐத் தாண்டினால், இரண்டு வாரம் சாப்பாட்டை மட்டும் திருத்தி, பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்போம். 120க்குள் நின்றால் அதே வழியில் போகலாம். நிற்காதவர்களுக்குத்தான் மருந்தோ இன்சுலினோ. சாப்பாட்டை மட்டும் திருத்தியே பிரசவம் வரை போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

சாப்பாட்டுத் திருத்தத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. “சுகர்னா அரிசியைத் தொடாதே, சப்பாத்தி சாப்பிடு” என்று நம் ஊர் எப்படியோ பழகிவிட்டது. அரிசியில் இருப்பதும் மாவுச்சத்து, கோதுமையில் இருப்பதும் மாவுச்சத்து. ஆறு சப்பாத்தி தின்றவளின் ரத்தத்தை நான் குத்திப் பார்த்திருக்கிறேன். ஆறு இட்லியை ஒரே வேளையில் வைக்காமல், காலையில் மூன்று, நடுவில் கொஞ்சம் சுண்டல், மதியம் ஒரு பங்கு சோற்றுக்கு இரண்டு பங்கு பொரியலும் ஒரு முட்டையும் என்று பிரித்துச் சொன்னால் கிராமத்துப் பெண்களுக்கு உடனே புரிகிறது. வாங்கவே முடியாத ஓட்ஸை எழுதிக் கொடுப்பதில் என்ன பயன்?

இந்த ஒற்றை ஊசிச் சோதனையை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. 25,505 கர்ப்பிணிகளை ஒன்பது நாடுகளில் பார்த்த ஹாப்போ என்ற பேராய்வு 2008இல் வந்தது. தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தைக்குத் தொல்லையும் படிப்படியாக ஏறுகிறது, இன்ன எண்ணுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கோடு கிழிக்க முடியாது என்று அது காட்டியது. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்று புது எல்லைகளை ஏற்றுக்கொண்டது. அந்த ஒன்பது நாடுகளில் இந்தியா இல்லை. சென்னையிலேயே நடந்து 2014இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், வெறும் வயிற்றுச் சோதனை பிடிக்கிற பலரைச் சாப்பிட்ட வயிற்றுச் சோதனை தவறவிடுகிறது என்று தெரிந்தது. அந்தக் குறை உண்மை. வசதியுள்ள நகரத்துப் பெண் மூன்று முறை குத்திக்கொண்டு முழுச் சோதனை செய்துகொள்ளட்டும் என்றுதான் நானும் என் மருமகளுக்குச் சொன்னேன். ஆனால் பஸ் ஏறி வருகிறவளுக்கு, செய்யப்படாத நல்ல சோதனையைவிடச் செய்து முடித்த சுமாரான சோதனை மேல். மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பும் 2015இல் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளுக்கு இந்த முறை பொருந்தும் என்று ஏற்றுக்கொண்டது.

நாம் இன்னும் கோட்டைவிடுகிற இடம் பிரசவத்துக்குப் பிறகுதான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சர்க்கரை இறங்கிவிடும். “புள்ள பொறந்ததும் போயிடுச்சு” என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவளைவிட ஏழு மடங்காவது அதிகம் என்று 2009இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னார்கள். ஓ’சல்லிவன் 1964இலேயே அதைத்தான் தேடினார். ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடி சோதனை செய்ய வேண்டும் என்பது விதியில் இருக்கிறது. அதே ஆறாவது வாரம் குழந்தைக்கு பென்டா ஊசியின் முதல் தவணை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தவறாமல் வருகிறார்கள். ஊசி போட்டதும் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லேப் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேட்டால், “எனக்கென்ன அக்கா, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், அந்தத் தடுப்பூசி நாளில் அவளுக்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும். கர்ப்பகாலத்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போகட்டும், 140ஐத் தாண்டிய எண் அதில்தான் இருக்கும்.